பழைய ராமை புது சிஸ்டத்துல போடலாமா?

மன்னை_டிடிபி:
வணக்கம், மன்னார்குடியில சின்னதா ஒரு டிடிபி ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். ஓடுறது இன்டெல் ஐ3 நாலாவது ஜெனரேஷன் சிஸ்டம். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரோட சப்போர்ட் நின்னுடுச்சு, 11 இதுல ஏறாதுங்கிறாங்க. தை பொறந்தா கல்யாணப் பத்திரிகை ஆர்டர் குவியும், அதுக்குள்ள மாத்திடணும். இதுல 4 ஜிபி ராம் (மெமரி) ரெண்டு இருக்கு, மச்சான் அவர் பழைய சிஸ்டத்துலேர்ந்து 8 ஜிபி ஒண்ணு குடுத்தாரு. தஞ்சாவூர்ல விசாரிச்ச கடையில எல்லாம் குப்பை, புதுசா 16 எடுங்கன்னுட்டாங்க. ராம் விக்கிற விலைக்கு மனசு வரல. எதாச்சும் தேறுமா?

வெண்ணாத்தங்கரை:
ஸ்டிக்கரைப் பாருங்கண்ணே. டிடிஆர்ங்கிறது ராமோட வகை, நம்பர் கூடக்கூட புதுசு. பிசி3ன்னு இருந்தா டிடிஆர்3, 240 பின், 1.5 வோல்ட், இப்ப வர்ற புது சிஸ்டம் மதர்போர்டுல உக்காராது. பிசி4ன்னா டிடிஆர்4, 288 பின், 1.2 வோல்ட், அதுக்கு இன்னும் வழி இருக்கு. இன்டெல் 12லேர்ந்து 14வது ஜெனரேஷன் வரைக்கும் போடுற எச்610ங்கிற மதர்போர்டு டிடிஆர்4லயும் வருது டிடிஆர்5லயும் வருது, கடைக்காரர் கையில வர்றதை எடுத்துக் குடுத்துடுவாரு, நீங்கதான் அட்டைப்பெட்டியைப் பாத்து வாங்கணும். ஏஎம்டி பிராசஸர்ல ஏஎம்5ங்கிற புது சாக்கெட் பக்கம் போயிடாதீங்க, அது டிடிஆர்5 மட்டும்தான்.

குடவாசல்காரன்:
டிடிஆர்5க்கும் அதே 288 பின்தான், ஆனா நடுவுல இருக்க வெட்டு இடம் மாறியிருக்கும். தெரியாம நான் ஒருதடவை டிடிஆர்3யை டிடிஆர்4 ஸ்லாட்டுல வச்சு கட்டைவிரலால அமுக்குனேன் பாருங்க, டப்புன்னு ஒரு சத்தம், ஓரத்து கிளிப்பு கையோட வந்துடுச்சு. உக்காரலன்னா அமுக்காதீங்க, அவ்வளவுதான்.

மன்னை_டிடிபி:
பாத்துட்டேன். 4 ரெண்டும் பிசி3-12800யு. மச்சான் குடுத்ததுல பிசி4-2400டின்னு இருக்கு. கூட 3200 ஸ்பீடுல ஒரு 8 ஜிபி வாங்கிப் போட்டா சேந்து ஓடுமா?

வெண்ணாத்தங்கரை:
பெரும்பாலும் ஓடும், ரெண்டும் 2400லதான் ஓடும். ஆளுக்கொரு சேனல்ல போட்டா டூயல் சேனலும் (ரெண்டு ராமும் ஒரே நேரத்துல வேலை செய்யறது) கிடைச்சுடும், பத்திரிகை டிசைனுக்கு அந்த ஸ்பீடு வித்தியாசம்லாம் கண்ணுக்கே தெரியாது.

உப்பளத்தான்:
நமக்கு வேதாரண்யம். இங்க உப்புக்காத்துல ராம் பின்னு கறுத்துப்போய் சிஸ்டம் ஆனாகாம பீப் பீப்னு கத்தும். பள்ளிக்கூடப் புள்ளைங்க வச்சிருக்க வெள்ளை ரப்பர் இருக்குல்ல, அதால பின்னை மெதுவா தேச்சு, தூளைத் தட்டிட்டு போடுங்க. அப்புறம் ராத்திரி பூரா மெம்டெஸ்ட்ங்கிற ராம் சோதிக்கிற சாப்ட்வேரை ஓட விடுங்க (கரண்டு இருந்தா!). ஒரே ஒரு எரர் வந்தாலும் அந்த ராமைக் கடை சிஸ்டத்துல வைக்காதீங்க, பத்திரிகையில மாப்ளை பேரு அடிக்கிறப்ப தொங்கிப்போகும்.

மன்னை_டிடிபி:
ஹாஹா சரிண்ணே. அப்ப அந்த 4 ரெண்டையும் கழட்டி வித்துடவா?

குடவாசல்காரன்:
டிடிஆர்3க்கு ஒண்ணும் தர மாட்டாங்க. உங்க ஸ்கேனர் எவ்ளோ பழசு? என்னோடது விண்டோஸ் 7 டிரைவரோட நின்னுபோச்சு, அதுக்குன்னே பழைய சிஸ்டத்தை அப்படியே ஒரு மூலையில வச்சிருக்கேன், நெட் மட்டும் புடுங்கிட்டேன்.

மன்னை_டிடிபி:
அட ஆமா, என்னுதும் அந்தக் காலத்து ஸ்கேனர்தான். கழட்டல அப்ப. சனிக்கிழமை தஞ்சாவூர் போறேன், டிடிஆர்4 போர்டு கிடைச்சா வந்து சொல்றேன்.