ஏற்காடு வீட்டுத் திண்ணைத் தூண் அடியில் உளுத்துவிட்டது, மொத்தமாக மாற்ற வேண்டுமா?

நாகலூர்க்காரன்:
தாத்தா கட்டிய ஓட்டு வீடு. முன் திண்ணையில் நாலு மரத்தூண், மேலே உத்திரம், அதன்மேல் மங்களூர் ஓடு. போன வாரம் பெருக்கும்போது துடைப்பம் பட்டே ஒரு தூணின் அடி பொலபொலவென்று உதிர்ந்தது. ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தால் பக்கத்துத் தூணும் அதே கதி, மற்ற இரண்டும் கெட்டி. கொத்தனார் நாலையும் பிடுங்கிவிட்டு கான்கிரீட் தூண் போடலாம் என்கிறார், அம்மாவுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. தோட்டத்தில் மிளகுக்கொடி ஏற்றிய சில்வர் ஓக் நிறைய நிற்கிறது, இரண்டை அறுத்துத் தூண் ஆக்கலாமா? தூணை எடுத்தால் கூரை இறங்காதா?

செவ்வாப்பேட்டை ஆசாரி:
சில்வர் ஓக் வேண்டாம் தம்பி. மழையிலும் பனியிலும் நிற்கிற வேலைக்கு அது தாங்காது, பச்சை மரமாக அறுத்து நட்டால் முறுக்கிக்கொண்டு வெடிக்கும். சேலத்தில் பழைய வீடு இடித்த தேக்கு, வேங்கை விற்கிற கடைகளைப் பாருங்கள், காய்ந்து அடங்கிய மரம். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று சொல்லுங்கள், தூணுக்கு அடியில் பாதக்கல் இருக்கிறதா? சமீபத்தில் தரையை உயர்த்தினீர்களா?

நாகலூர்க்காரன்:
அஞ்சாறு வருஷம் முன்பு பழைய தரைமேலேயே சிமெண்ட் போட்டு டைல்ஸ் ஒட்டினோம். கல் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

அஸ்தம்பட்டி ராணி:
எங்கள் வீட்டிலும் இதே கதைதான். முட்டுக் கொடுக்காமல் தூணில் கை வைக்காதீர்கள். ஒரு ஓடே இரண்டு இரண்டரை கிலோ வரும், நனைந்தால் இன்னும் கூடும். தூணுக்கு இரண்டு பக்கமும் உத்திரத்துக்குக் கீழே இரும்பு முட்டு (ஜாக்கி) வைத்து, அடியில் கனமான பலகை போடுங்கள். நாங்கள் ஜாக்கியை நேராக டைல்ஸ்மேல் வைத்து மூன்று டைல்ஸ் போனது, அதற்கு வீட்டுக்காரரிடம் வாங்கிய திட்டு தனி. தூணிலிருந்து பாரம் விலகினால் போதும், அதற்குமேல் தூக்கினால் ஓடு நகர்ந்து மழைக்கு ஒழுகும்.

நாகலூர்க்காரன்:
ஆசாரி ஐயா, நீங்கள் கேட்டதுதான் சரி! தூணைச் சுற்றிக் கொத்திப் பார்த்தேன், நாலு அங்குலம் கீழே கல் இருக்கிறது. அந்த நாலு அங்குலமும் சிமெண்டுக்குள் புதைந்து ஈரமாகவே கிடந்திருக்கிறது.

செவ்வாப்பேட்டை ஆசாரி:
அதுதான் காரணம். மரத்தின் அறுத்த முனை திரி மாதிரி தண்ணீரை இழுக்கும், சுற்றிலும் சிமெண்ட் இருந்தால் காயவே காயாது. அதனால் தாத்தா தப்புப் பண்ணவில்லை, நீங்கள்தான் அவர் வைத்த கல்லை மூடிவிட்டீர்கள். நாலையும் மாற்ற வேண்டாம். உளுத்த இரண்டில், கெட்டி மரம் வந்த பிறகும் மூன்று அங்குலம் தள்ளி மட்டமாக அறுத்துவிட்டு, அந்த உயரத்துக்குப் புதுக் கருங்கல் வையுங்கள். தரையிலிருந்து ஆறு அங்குலமாவது கல் மேலே தெரிய வேண்டும். நடுவில் துருப்பிடிக்காத கம்பி ஒன்று, கல்லில் பாதி மரத்தில் பாதி. தூண் உட்காரும் இடம் சமம், சுற்றி விளிம்பு மட்டும் வெளிப்பக்கம் சரிவு. அறுத்த முகத்தில் முந்திரிக்கொட்டையின் மேல்தோட்டில் எடுக்கிற எண்ணெயை மூன்று நாலு தடவை ஊறவிடுங்கள், கையில் பட்டால் புண்ணாகும், உறை போட்டுக்கொள்ளுங்கள். கெட்டியாக இருக்கும் இரண்டைச் சுற்றியும் சிமெண்டைக் கொத்தி எடுத்துவிடுங்கள்.

நாகலூர்க்காரன்:
சரிங்க ஐயா. பிப்ரவரியில் மழை இருக்காது, காப்பிப் பறிப்பும் முடிந்து ஆள் கிடைப்பார்கள், அப்போது வைத்துக்கொள்கிறேன். கொத்தனாரிடம் அம்மாவே பேசிக்கொள்கிறாராம்.