பழைய சுவரும் அதே குவாரி ஜல்லியும்

சனிக்கிழமை மாலை

கதிர்: [படம்] பின்பக்கத் தாங்குசுவர். மழைக்குப் பிறகு விரிசல் கூடியிருக்கிறது. இதன் தொடர்ச்சியாகப் புதுச் சுவருக்கு அடுத்த வாரம் கான்கிரீட் ஊற்றலாம் என்கிறார் மேஸ்திரி.

அத்தை: வறண்ட குளத்து மண் மாதிரி அல்லவா வெடித்திருக்கிறது!

மலர்: ஊற்றியபோது சரியாக நீராற்றியிருக்க மாட்டார்கள்.

சித்தப்பா: அதனால் வந்த விரிசல் என்றால் ஆரம்பத்திலேயே வந்து நின்றிருக்கும். இது பன்னிரண்டு வயதுச் சுவர், இன்னும் பிளந்துகொண்டிருக்கிறது. கதிர், சுவரின் ஒரு முனை படிக்கட்டுக் கூரைக்கு அடியில் வருகிறதே, அங்கே விரிசல் உண்டா?

கதிர்: போய்ப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை! மழை படும் பக்கத்தில் மட்டும்தான். வெள்ளையாக ஏதோ கசிந்து காய்ந்தும் இருக்கிறது.

சித்தப்பா: வெள்ளை வெறும் சுண்ணாம்பாகவும் இருக்கலாம், அதை நம்பாதே. எனக்குக் கூரைதான் சாட்சி. ஒரே நாளில் ஊற்றிய ஒரே கலவை, நனையும் இடத்தில் மட்டும் வெடிக்கிறது. கார-சிலிக்கா வினையாக இருக்க வாய்ப்பு அதிகம். உறுதி செய்ய உருளையாக ஒரு துண்டு அறுத்தெடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும்.

அத்தை: தம்பி, எனக்குப் புரிகிற மாதிரி சொல்.

சித்தப்பா: சரி அக்கா. சிலிக்கா என்பது மணலில் நிறைய இருக்கும் பொருள். சில கற்களில் அது ஒழுங்கான படிகமாக இருக்காது. ஓபல், எரிமலைக் கண்ணாடி, செர்ட் என்னும் சிலிக்காக் கல்லில் சில வகைகள் அப்படி. சிமென்டிலிருந்து வரும் காரம் அதைக் கரைத்துக் கூழாக்கும். அந்தக் கூழ் தண்ணீரைக் குடித்து வீங்கும். வீங்க இடம் ஏது? கல்லையும் சாந்தையும் பிளந்துகொண்டு வரும். காரம், அந்த மாதிரிக் கல், ஈரம் மூன்றும் சேர்ந்தால்தான் வினை. கான்கிரீட்டின் உள்ளீரம் 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும்.

அப்பா: கல் நல்ல கெட்டிக் கல். நானே சுத்தியலால் தட்டிப் பார்த்து வாங்கினேன்.

சித்தப்பா: கெட்டித்தன்மைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை அண்ணா. ஜல்லி வெறும் நிரப்புப் பொருள், எதனுடனும் வினைபுரியாது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். 1940இல் கலிஃபோர்னியாவில் தாமஸ் ஸ்டாண்டன் என்ற பொறியாளர் இந்த வினையைப் பற்றி எழுதிய பிறகுதான் சந்தேகம் கல்லின் பக்கம் திரும்பியது. கனடாவில் மாக்டக்குவாக் அணை வீங்கிக்கொண்டே இருப்பதால், வைரக் கம்பியால் கான்கிரீட்டை அறுத்து இடைவெளி விடுகிறார்கள்.

அத்தை: அணைக்கே அறுவைச் சிகிச்சையா!

கதிர்: சித்தப்பா, புதுச் சுவருக்கும் அதே குவாரி ஜல்லிதான்.

சித்தப்பா: ஊற்றாதே! ஜல்லியிலும் மணலிலும் தனித்தனியாக மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பு. மணல் அளவுக்கு நொறுக்கிச் சாந்துக் கட்டை வார்த்து, 80 டிகிரி சூட்டில் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் 14 நாள் மூழ்கவிட்டு நீளத்தை அளப்பார்கள்.

மலர்: எந்தச் சுவர் 80 டிகிரியில், அதுவும் காரத்தில் மூழ்கி நிற்கிறது?

சித்தப்பா: நல்ல கேள்வி. அவசரத்துக்காகச் செய்யும் கொடுமை அது. நல்ல கல்லும் சில சமயம் தோற்கும், மெதுவாக வினைபுரியும் கல் தப்பியும் விடும். எனக்கு நம்பிக்கை கான்கிரீட் கட்டைச் சோதனையில்தான். 38 டிகிரி, ஈரக்காற்று, ஓராண்டு. 0.04 சதவீதத்துக்குமேல் நீளக் கூடாது.

அப்பா: ஓராண்டா? அதற்குள் மண் சரிந்து வாசலுக்கே வந்துவிடும்.

சித்தப்பா: அதனால்தான் முதலில் 14 நாள் சோதனை என்கிறேன்.

மூன்று வாரம் கழித்து

கதிர்: முடிவு வந்துவிட்டது. மணல் 0.05, ஜல்லி 0.17 சதவீதம்.

அப்பா: ஒரு மீட்டருக்கு இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?

சித்தப்பா: அண்ணா, கான்கிரீட்டை இழுத்தால் 0.01 சதவீதம் நீள்வதற்குள்ளேயே ஏறக்குறைய விரிசல் விட்டுவிடும். 0.10க்குக் கீழே என்றால் கவலையில்லை, 0.20க்குமேல் ஆபத்து. இது நடுவில் நிற்கிறது. நடுவில் நிற்கும் கல்லுக்கு நான் சந்தேகத்தின் பலனைக் கொடுக்க மாட்டேன், அதுவும் பழைய சுவரைப் பார்த்த பிறகு.

கதிர்: பாதிக்குப் பாதி வேறு நல்ல ஜல்லியைக் கலந்தால் வீக்கமும் பாதியாகுமே?

சித்தப்பா: அங்கேதான் இந்த வினை ஏமாற்றும். ஓபல் போன்றவை நிறைய இருப்பதைவிடக் கொஞ்சமாக இருக்கும்போது அதிகம் வீங்கவைப்பதுண்டு. கணக்குப் போட்டுக் கலக்காதே. முடிந்தால் குவாரியையே மாற்று.

அப்பா: வேறு குவாரி வெகு தூரம்.

மலர்: காரம் குறைந்த சிமென்ட்?

சித்தப்பா: உதவும், ஆனால் அதை மட்டும் நம்ப மாட்டேன். 0.6 சதவீதக் காரம் உள்ள சிமென்டை ஒரு கன மீட்டருக்கு 400 கிலோ போட்டால் 2.4 கிலோ காரம் சேர்கிறது. சிமென்டை அள்ளிப் போடப் போட அதுவும் ஏறும். அதைவிட, சிமென்டில் கால் பங்கை எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு குறைந்த ஃபிளை ஆஷ், அதாவது அனல்மின் நிலையச் சாம்பல், போடுவது மேல். அது காரத்தைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும். இரும்பு உலைக் கசடும் ஆகும், ஆனால் சிமென்டில் பாதியளவுக்குப் போட வேண்டியிருக்கும்.

கதிர்: அப்படியே ஊற்றிவிடலாமா?

சித்தப்பா: அதே ஜல்லி, அதே சிமென்ட், அதே சாம்பல் சேர்த்து 14 நாள் சோதனையை இன்னொரு முறை செய். 0.10க்குக் கீழே வந்தால் ஊற்று. சாம்பல் கலந்தது மெதுவாகத்தான் வலுப்பெறும், நீராற்றலைச் சீக்கிரம் நிறுத்திவிடாதே.

மலர்: பழைய சுவருக்கு என்ன வழி?

சித்தப்பா: உள்ளே போன கல்லை எடுக்க முடியாது. தண்ணீரை நிறுத்தப் பார்க்கலாம். சுவருக்குப் பின்னாலுள்ள நீர் வடிய வழி இருக்கிறதா? வெளிப்பக்கம் சைலேன் பூசலாம், அது மழையை விரட்டும், உள்ளிருக்கும் ஆவியை வெளியே விடும். சாதாரணப் பெயின்ட் அடித்து ஈரத்தை உள்ளே பூட்டிவிடாதீர்கள்.

கதிர்: [படம்] வடிதுளை ஆறு இருக்கிறது. நான்கு மண்ணடைத்துக் கிடக்கிறது.

அத்தை: ஒன்றில் செடியே முளைத்திருக்கிறது!

சித்தப்பா: இன்றைக்கே குத்தி எடுத்துவிடு கதிர்.

கதிர்: செய்கிறேன். ஜல்லியும் சிமென்டும் சாம்பலும் திங்கட்கிழமை ஆய்வகத்துக்குப் போய்விடும்.

அப்பா: மறுபடி காத்திருக்கச் சொன்னால் மேஸ்திரி கோபித்துக்கொள்வார். அவரிடம் நீயே பேசிவிடு.

சித்தப்பா: எண்ணை அனுப்புங்கள் அண்ணா.