புதுப்பிப்பு: கண்ணாடிக் குவளையில் நிலைக்கும் வண்ணம்

சாதாரண அக்ரிலிக் வண்ணத்தால் நான் தீட்டிய ஆறு கண்ணாடிக் குவளைகளும் மூன்றாவது கழுவலிலேயே தோலுரிந்துவிட்டதாகச் சென்ற மாதம் எழுதி, வழி கேட்டிருந்தேன். இப்போது ஒரு வழி கிடைத்திருக்கிறது.

கண்ணாடியில் நுண்துளைகள் இல்லாததால் வண்ணம் ஊறிப் பிடிக்க இடமில்லை. விரல்களின் எண்ணெய்ப் பசையோ இருக்கும் பிடிப்பையும் கெடுத்துவிடுகிறது. ஆகவே இம்முறை குவளைகளைச் சோப்பு நீரில் கழுவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்த பின், தீட்டும் பகுதியைத் தொடவே இல்லை. கண்ணாடிக்கென்றே வரும், சுட்டு இறுக்க வேண்டிய பெபியோ வித்ரியா 160 வண்ணத்தை மெல்லிய பூச்சாகத் தீட்டி, 24 மணி நேரம் உலரவிட்டேன்.

சுடுவதில்தான் சூட்சுமமே இருக்கிறது. குளிர்ந்த ஓவனில் குவளையை வைத்து, வெப்பம் 160 டிகிரி செல்சியஸைத் தொட்ட பிறகே 40 நிமிடக் கணக்கைத் தொடங்க வேண்டும். முடிந்ததும் கதவைத் திறக்காமல் அப்படியே ஆறவிட வேண்டும். சூடேறிய ஓவனில் நேராக வைத்த ஒரு குவளை விரிசல் கண்டது, என் அவசரத்துக்குக் கிடைத்த கூலி. ஓவனின் திருகு காட்டும் எண்ணை நம்பாமல் உள்ளே தனி வெப்பமானி வைப்பது நல்லது. என்னுடைய ஓவனில் 20 டிகிரி குறைவாக இருந்தது.

கண்ணாடித் தூள் கலந்த எனாமலைச் சூளையில் 500 டிகிரிக்கு மேல் உருக்கிப் பதிப்பதற்கு இது ஈடாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். உதடு படும் விளிம்பிலிருந்து இரண்டு சென்டிமீட்டரை வெறுமையாக விட்டிருக்கிறேன். கையால் இருபது முறைக்கு மேல் கழுவியும் இதுவரை எங்கும் உரியவில்லை.