குடும்பக் குழு: கௌரியம்மா கேள்வி

அனு: நோட்ஸ்ல "கே.ஆர். கௌரியம்மா, கேரளாவின் முதல் வருவாய் அமைச்சர், 1957, நிலச் சீர்திருத்தம்"னு ஒரே வரிதான் இருக்கு. அப்படி என்ன செஞ்சாங்க மாமா?

ராஜன் மாமா: முதல்ல அவசரச் சட்டத்தைப் பாரு மக்கா. 1957 ஏப்ரல் 5 மந்திரிசபை பதவியேத்துது. 11-ம் தேதியே பாட்டக்காரனை, அதாவது குத்தகைக்காரனை, நிலத்த விட்டு இறக்கக் கூடாதுன்னு தடை வந்துட்டு.

அனு: அவ்வளவு அவசரம் எதுக்கு?

சுதா அக்கா: சட்டம் வரப்போகுதுன்னு தெரிஞ்சா ஜென்மி, அதான் நிலச் சொந்தக்காரரு, சும்மா இருப்பாரா? முன்கூட்டியே ஆளைக் காலி பண்ணிருவாரு. சட்டம் வர்ற அன்னைக்குப் பாட்டக்காரன்னு யாருமே இருக்க மாட்டான். அதான் முதல்ல பூட்டுப் போட்டாங்க. கௌரியம்மா வக்கீலுக்குப் படிச்சவங்கல்லா.

ராஜன் மாமா: நிலச் சீர்திருத்த மசோதா 1959 ஜூன்ல நிறைவேறுச்சு. ஜூலை 31 ஆட்சியே கலைஞ்சு போச்சு. அடுத்த அரசு மாத்திக் கொண்டுவந்த சட்டத்தையும், பழைய தென் கன்னட மாவட்டத்துலருந்து வந்த காசர்கோடு பகுதியோட ரயத்துவாரி நிலங்களுக்கு (நிலக்காரரே நேரா அரசுக்கு வரி கட்டுற நிலம்) செல்லாதுன்னு 1961-ல உச்ச நீதிமன்றம் சொல்லிட்டு.

முருகன் சித்தப்பா: இழுத்த இழுப்புல பெரிய நிலக்காரங்க பிள்ளைகள் பேருக்கு எழுதி வச்சுத் தப்பிச்சாங்க. உச்சவரம்புல, அதாவது ஒருத்தர் வச்சுக்கலாம்ங்கிற அளவுக்கு மேல இருக்கறத எடுக்கறதுல, எதிர்பார்த்த நிலம் கிடைக்காததுக்கு அது ஒரு பெரிய காரணம்.

அனு: அப்போ எப்போதான் நடந்துச்சு?

சுதா அக்கா: 1967-ல மறுபடி அவங்கதான் வருவாய் அமைச்சர். 1969 நிலச் சீர்திருத்தத் திருத்தச் சட்டம் சபையில நிறைவேறின கொஞ்ச நாள்ல அந்த ஆட்சியும் போச்சு. அமலுக்கு வந்தது 1970 ஜனவரி 1, அச்சுத மேனன் முதலமைச்சரா இருந்த காலத்துல. பேரு யாருக்குன்னு இன்னைக்கும் சண்டை போடுவாங்க 😀

ராஜன் மாமா: அன்னையோட ஜென்மி உரிமை அரசுக்குப் போச்சு. பாட்டக்காரன் நிலத் தீர்ப்பாயத்துல மனு போடணும். விலை, நியாயப் பாட்டத்தோட (சட்டப்படி நிர்ணயிச்ச குத்தகை) 16 மடங்கு. 16 வருஷத் தவணை, இல்லன்னா மொத்தமா 75 சதவீதம். கட்டினா பட்டயம், அதான் நிலம் சொந்தம்ங்கிற பத்திரம்.

அனு: குடிசை போட்டிருந்தவங்களுக்கு?

சுதா அக்கா: அது குடிகிடப்பு, அடுத்தவர் நிலத்துல குடிசை போட்டு இருக்கறவங்களோட உரிமை. பஞ்சாயத்துல 10 சென்ட் வரை, நகராட்சில 5, மாநகராட்சில 3. சந்தை விலையில கால்பங்கு, அதுலயும் பாதி அரசு கொடுக்கும்.

முருகன் சித்தப்பா: ஓட்டை இங்கதான். கூலிக்கு உழைச்ச தலித் மக்கள் பாட்டக்காரங்க இல்ல. அவங்களுக்குக் கிடைச்சது பெரும்பாலும் குடிசை மண்ணு மட்டும்தான், வயல் இல்ல. தேயிலை, காபி, ரப்பர், ஏலத் தோட்டத்துக்கு உச்சவரம்பே கிடையாது. இதைச் சொல்லாம கௌரியம்மாவைப் புகழ்ந்து எழுதாத.

அனு: நம்ம ஊருக்கும் இந்தச் சட்டம் வந்துச்சா மாமா?

ராஜன் மாமா: இல்ல மக்கா. 1952-லயும் 1954-லயும் அவங்க திருவிதாங்கூர்-கொச்சி சபைக்குப் போனப்போ நாகர்கோவிலும் அதே சபைதான். 1956 நவம்பர் 1 நாம தமிழ்நாட்டோட சேர்ந்தாச்சு, சட்டம் வந்தது அதுக்கப்புறம்.

அனு: முதலமைச்சர் ஆகலையா?

சுதா அக்கா: 1987-ல அவங்கதான்னு ஊரே சொல்லுச்சு. ஆனது நாயனார். 1994-ல மார்க்சிஸ்ட் கட்சி நீக்குச்சு, தனிக்கட்சி ஆரம்பிச்சு 2001-ல எதிரணியான காங்கிரஸ் கூட்டணி மந்திரிசபையில வேளாண் அமைச்சர். அப்போ வயசு 81.

ராஜன் மாமா: அனு, அரசியலமைப்போட அடிப்படைக் கட்டமைப்பை மாத்த முடியாதுன்னு தீர்ப்பு வந்த கேசவானந்த பாரதி வழக்கையும் சேர்த்துப் படி. அவரோட எடநீர் மடம் எதிர்த்துப் போனது இந்த 1969 திருத்தத்தைத்தான். பரீட்சைல ரெண்டையும் சேர்த்துக் கேப்பான்.