லேப்டாப்பை மூடிய பிறகும் சர்வரில் வேலை ஓட: கேஎல், பினாங்கு நண்பர்களின் அனுபவங்கள்

ஒவ்வொரு பகுதியின் தலைப்பும் அதை எழுதியவரின் ஊர்ப் பெயர்.

பிரிக்ஃபீல்ட்ஸ்

ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் எஸ்எஸ்எச் (தூரத்து சர்வருக்குள் நுழையும் வழி) போட்டு ஸ்கிரிப்டை ஓடவிட்டு எல்ஆர்டி ஏறுகிறோம். மஸ்ஜிட் ஜாமெக் பக்கம் ரயில் சுரங்கத்துக்குள் போகும்போது லைன் அறுந்தால், அந்த நொடியே புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) செத்துவிடாது. லைன் போனது சர்வருக்குத் தெரியவே நேரம் பிடிக்கும். ஸ்கிரிப்ட் திரையில் ஏதாவது எழுதிக்கொண்டே இருந்தால், பதில் வராத பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்து, லினக்ஸ் ஏறக்குறைய 15 நிமிடத்தில் கைவிடும். எதுவும் எழுதாமல் ஓடினால், அமைப்பை மாற்றாத சர்வரில் 7,200 நொடி, அதாவது 2 மணி நேரம் கழித்துத்தான் டிசிபி (இணைப்பைக் கவனிக்கும் நெறிமுறை) மறுமுனை இருக்கிறதா என்று விசாரிக்கவே தொடங்கும். அப்புறம் டெர்மினல் மூடும், ஹேங்-அப் சிக்னல் போகும், புராசஸ் விழும். "ஒரு மணி நேரம் நல்லாத்தானே ஓடிச்சு" என்று பலர் குழம்புவது இதனால்தான்.

செந்தூல்

நோஹப் (ஹேங்-அப் சிக்னலைக் கண்டுகொள்ளாமல் ஓடவைக்கும் கட்டளை) போடுபவர்கள் மூன்று வாய்க்காலையும் திருப்பிவிடுங்கள்: அவுட்புட், எர்ரர் இரண்டும் ஒரு லாக் ஃபைலுக்கு, இன்புட் டெவ்-நல்லுக்கு (எதுவும் இல்லாத வெற்று ஃபைல்). கடைசியில், பின்னணியில் ஓட ஆம்பர்சேண்ட் (&). திருப்பாமல் விட்டால் சில சமயம் எக்ஸிட் கொடுத்தும் எஸ்எஸ்எச் வெளியே வராமல் தொங்கும்.

நோஹப் இல்லாமல் ஏற்கெனவே ஓடவிட்டாயிற்று என்றால் கண்ட்ரோல்-இசட் (நிறுத்தி வை), பிஜி (பின்னணியில் ஓடு), டிஸ்ஓன் (ஷெல்லிடமிருந்து விடுவி). ஆனால் இதை முழுசாக நம்ப வேண்டாம். சிக்னலிலிருந்து தப்பினாலும், அந்தப் புராசஸ் இன்னும் பழைய டெர்மினலுக்குத்தான் எழுதுகிறது. அந்த டெர்மினல் போன பிறகு வரும் முதல் பிரிண்டிலேயே பைத்தான் உள்ளீடு-வெளியீட்டுப் பிழை கொடுத்து நின்றுவிடும்.

பட்டர்வொர்த்

ஃபெர்ரியில் தீவுக்குப் போய்வருகிற நேரத்துக்கு டிமக்ஸ் (லைன் அறுந்தாலும் சர்வரிலேயே உயிரோடு இருக்கும் டெர்மினல்) போதும். வேலை தொடங்கும் முன்பே திறந்து, பெயர் வைத்து, கண்ட்ரோல்-பி அழுத்தி விட்டு டி, அதோடு வெளியே வந்துவிடலாம். அந்தக் கரையில் இறங்கியதும் அட்டாச். பின்னோக்கிப் பார்க்க 2,000 வரிதான் இயல்பாக இருக்கும், கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

பாயான் லெப்பாஸ்

பட்டர்வொர்த் அண்ணே சொன்னது சரி, ஆனால் சர்வர் ரீபூட் ஆனால் டிமக்ஸும் போய்விடும். வாரக்கணக்கில் ஓட வேண்டியதை சிஸ்டம்டியிடம் (லினக்ஸில் சர்வீஸ்களை எழுப்பிக் கவனிக்கும் நிரல்) கொடுப்பதுதான் நியாயம். டெர்மினலுக்கும் அதற்கும் ஒட்டே கிடையாது.

இதில் அதிகம் பேர் விழும் இடம் ரீஸ்டார்ட். ஆன்-ஃபெயிலியர் என்று மட்டும் போட்டால், விழுந்த 100 மில்லிநொடியில் மறுபடி எழுப்பும். 10 நொடிக்குள் 5 தடவை எழுப்பியும் நிலைத்து ஓடவில்லை என்றால் அதோடு கைவிட்டுவிடும். டேட்டாபேஸ் ஒரு நிமிடம் படுத்தால்கூட உங்கள் சர்வீஸ் விடியும்வரை எழாது. ரீஸ்டார்ட்-செக் 10 என்று வைத்தால் இந்த வரம்பைத் தொடவே தொடாது.

அடுத்தது பாத் (நிரல்களைத் தேடும் ஃபோல்டர் பட்டியல்). கையால் ஓடியது சர்வீஸாக ஓடவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள். சிஸ்டம்டி உங்கள் பேஷ்-ஆர்சியை (ஷெல் அமைப்பு ஃபைல்) படிக்காது, உங்கள் ஹோம் ஃபோல்டரைக் குறிக்கும் டில்டே (~) குறியையும் விரிக்காது. வெர்ச்சுவல் என்விரான்மென்ட்டில் இருக்கும் பைத்தானின் முழு வழியையும் எழுதுங்கள். சர்வீஸ் ஃபைலைத் திருத்தினால், அதை மறுபடி படிக்கவைக்கும் டீமன்-ரீலோட் மறக்காதீர்கள்.

ரூட் இல்லாமல் யூசர் சர்வீஸாக வைத்திருந்தால் லாகின்-சிடிஎல் கட்டளையில் எனேபிள்-லிங்கர் (நீங்கள் வெளியேறிய பிறகும் ஓடவிடு) கட்டாயம். இல்லையென்றால் கடைசி லாகின் முடிந்ததும் அதையும் மூடிவிடும்.

பிரிக்ஃபீல்ட்ஸ்

லிங்கர் விஷயம் மிக முக்கியம், தம்பி, நன்றி. இன்னொன்று: சர்வீஸ் ஓடுது, லாக் மட்டும் காலியாக இருக்கு என்றால், பைத்தான் எழுத்தைச் சேர்த்து வைத்து மொத்தமாகத் தள்ளுகிறது. பைத்தானுக்கு மைனஸ் யு (-u) போட்டால் வரிக்கு வரி வரும்.

செந்தூல்

லாக் பற்றி நானும் சொல்கிறேன். டிஸ்க் நிறைந்தது என்று லாக் ஃபைலை ஆர்எம் (அழிக்கும் கட்டளை) போட்டால் இடம் திரும்பாது. புராசஸ் அதைத் திறந்தே பிடித்திருக்கிறது. ஃபைல்களின் அளவைக் கூட்டும் டியூவில் காணாது, மொத்த டிஸ்க்கைக் காட்டும் டிஎஃப்பில் நிறைந்தே காட்டும். அழிக்காமல் ட்ரன்கேட் செய்து சுழியம் ஆக்குங்கள்.

ஜார்ஜ் டவுன்

1 ஜிபி ராம் உள்ள சின்ன சர்வரில் எந்தப் பிழையும் எழுதாமல் புராசஸ் காணாமல் போனால், கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் (dmesg) கட்டளையில் "அவுட் ஆஃப் மெமரி" தேடுங்கள். வெளியேறும் எண் 137 என்றாலும் சந்தேகம் அங்கேதான்: 128-உடன் கில் சிக்னலின் 9.

கிரானும் (குறித்த நேரத்தில் வேலையை ஓடவிடும் நிரல்) சேர்ந்து ஓடினால் நேரத்தைப் பாருங்கள். சர்வர் பெரும்பாலும் யூடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்கும், நாம் 8 மணி நேரம் முன்னால். இங்கே நள்ளிரவு 12-க்கு ஓட வேண்டியதை அங்கே 16:00 என்று எழுத வேண்டும். தேதி அங்கே இன்னும் முந்தின நாள்தான், அதனால் ஃபைல் பெயரில் தேதி போடுபவர்கள் ஸ்கிரிப்டுக்குள்ளேயே நேர மண்டலத்தைக் குறிக்கும் டிஇசட்டை (TZ) ஏசியா/கோலாலம்பூர் (Asia/Kuala_Lumpur) என்று வைத்துவிடுங்கள்.