அலுவலகம் முழுவதற்கும் ரவுட்டரிலேயே விபிஎன்: வழிகாட்டல் தேவை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் சிறிய தணிக்கை அலுவலகத்தில் ஒன்பது கணினிகளோடு, எந்தச் செயலியையும் நிறுவ முடியாத ஒரு பழைய பிரிண்டரும் இருப்பதால், ஒவ்வொன்றிலும் தனித்தனியாக விபிஎன் (இணையப் போக்குவரத்தை மறையாக்கி வேறொரு சர்வர் வழியே அனுப்பும் இணைப்பு) போடுவதற்குப் பதிலாக, ஓப்பன்டபிள்யூஆர்டி என்னும் திறந்த மூல இயங்குதளத்தை ஏற்றிய ரவுட்டரிலேயே வயர்கார்டு என்னும் விபிஎன் முறையை அமைத்திருக்கிறேன். முன்பிருந்த ஓப்பன்விபிஎன் முறையில் ரவுட்டரின் சிறிய ப்ராசசர் திணறியது. இப்போது வேகத்தில் குறையில்லை.

சிக்கல் வேறு இடத்தில். விபிஎன் நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்தாண்டுகள் சேமிக்க வேண்டும் என்று 2022-இல் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் உத்தரவிட்டபின் அவற்றில் பல இந்தியாவிலிருந்த சர்வர்களை அகற்றிவிட்டதால், நாங்கள் சிங்கப்பூர் வழியாகவே வெளியேறுகிறோம். ஆகவே ஒரு வங்கித் தளம் எங்களை வெளிநாட்டவராகக் கருதி உள்ளே விடுவதில்லை. அதன் ஐபி முகவரிகள் மாறிக்கொண்டே இருப்பதால், டொமைன் பெயரை வைத்தே அந்தத் தளத்தை மட்டும் நேரடி இணைப்பில் அனுப்ப விரும்புகிறேன்.

மேலும், சென்ற வாரம் மின்தடைக்குப் பின் ரவுட்டர் எழுந்தபோது வயர்கார்டு எழவில்லை. எல்லாக் கணினிகளும் சத்தமில்லாமல் சாதாரண இணைப்பில் ஓடியதை மாலையில்தான் கவனித்தேன். லேனிலிருந்து (அலுவலக வலையமைப்பு) வேனுக்கு (வெளி இணைய இணைப்பு) நேரடியாகச் செல்லும் அனுமதியை ஃபயர்வாலில் நீக்கினால் இந்தக் கசிவு நிற்கும், ஆனால் வங்கிக்கான விலக்கும் அடைபட்டுவிடுமே! இரண்டையும் ஒருசேர அமைத்தவர்கள் யாரேனும் இருந்தால், எந்த வரிசையில் விதிகளை எழுதினீர்கள் என்று தெரிவித்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.