ஓஷாவா ஜெனரல்ஸ்: பெயர் எங்கிருந்து வந்தது?

புதிதாக வந்தவன்: போன வாரம் மகனை கனடாவின் ஓஷாவா ஜெனரல்ஸ் ஜூனியர் ஐஸ் ஹாக்கி ஆட்டத்துக்குக் கூட்டிப்போனேன். "இது ராணுவ அணியா அப்பா?" என்கிறான். அப்படியா? 2, 88 என்ற ஜெர்சி எண்களுக்கு ஏன் அவ்வளவு மரியாதை?

பழைய ரசிகன்: ராணுவமெல்லாம் இல்லை தம்பி, கார் கம்பெனி! 1937-இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆதரவில் தொடங்கிய அணி. 1953-இல் அரங்கம் எரிந்து சாம்பலானதும் அணியே நின்றுபோனது. 1962-இல் திரும்பி வந்தபோது அதில் 14 வயதுப் பையன் ஒருவன் ஆடினான்: பின்னாளில் பெரிய நட்சத்திரமான பாபி ஓர். அந்த 2 அவருடையது. 88 இன்னொரு நட்சத்திரம் எரிக் லிண்ட்ராஸுடையது. அவர் ஆடிய 1990 மெமோரியல் கோப்பை (ஜூனியர் அணிகளின் பெரிய பட்டம்) இறுதியாட்டம், ஹாமில்டனில். கிச்சனர் அணியை இரண்டாவது கூடுதல் நேரத்தில் 4-3 என்று சாய்த்தார்கள். நான் அங்கே இருந்தேன். கத்திக் கத்தி இரண்டு நாள் குரலே வரவில்லை, வீட்டில் அவளுக்கு நிம்மதி.

பனிக்காலம்: 2015 மெமோரியல் கோப்பையை விட்டுவிட்டீர்களே அண்ணா! கெலோனா அணிக்கு எதிராக 2-1. இரண்டு கோலும் நம்ம சிரெல்லி அடித்தது, அதில் வெற்றி கோல் கூடுதல் நேரத்தில்.

பழைய ரசிகன்: சரி சரி, அதை டிவியில்தான் பார்த்தேன்.

புதிதாக வந்தவன்: நன்றி. கார் கம்பெனி என்றதும் பையனுக்கு இன்னும் சந்தோஷம்.